ஒட்டகத்துக்கு ஒரு போன்

பல்கலைக்கழகத்தில் பழைய ஆய்வகத்தைப் புதுப்பிக்கப் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்க வேண்டும், ஒவ்வொரு வகுப்பிலும் போன் செய்ய ஒருவர் வேண்டும் என்றபோது, பார்மசி வகுப்பிலிருந்து முதலில் கையைத் தூக்கியவள் பொடிதான். அவளுடைய புருஷனுக்கே ஆச்சரியம். கடன் வாங்காத மகராசி அவள். பக்கத்து வீட்டில் ஓர் ஊசி நூல்கூடக் கேட்டறியாதவள்.

"நீயா பணம் கேக்கப்போற?" என்றார் அவர்.

"நல்ல காரியத்துக்குத்தானே? லேப் கூரை ஒழுகுதாம். பசங்க பாவம்."

லேப் கூரை அவள் படித்த காலத்திலேயே ஒழுகியது. அப்போதெல்லாம் பாவம் பார்க்காதவளுக்கு இப்போது என்ன திடீர்க் கருணை? உண்மை இதுதான்: போன் செய்ய வேண்டியவர்களின் பெயர்களில் அவளுடைய பழைய சிநேகிதி ஒட்டகத்தின் பெயரும் இருந்தது.

ஒட்டகம், பொடி இரண்டுமே வகுப்பில் வைத்த பட்டப்பெயர்கள். ஒட்டகம் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பொடி அவள் தோளுக்கும் எட்டமாட்டாள். ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேஜை. படிப்பு முடியும்வரை அதை அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மேல் தட்டுக் குப்பிகளை எடுப்பது ஒட்டகத்தின் வேலை, கீழே உருண்டு போனவற்றைப் பொறுக்குவது பொடியின் வேலை. ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே குடையில் நனைந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளும் வகுப்புக்குப் போகமாட்டாள். இன்று சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கும் பொடி, மேல் தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறும்போதெல்லாம் அவளை நினைப்பாள். மருந்துக்கடையில் மேல் தட்டுக்கு ஏறாத நாள் ஏது?

பிரிந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. வேலை ஆளுக்கொரு ஊரில் கிடைத்தது. வாரம் ஒரு போன் மாதம் ஒன்றானது. ஒட்டகத்துக்குக் குழந்தை பிறந்தபோது பொடியின் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார், போக முடியவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை. குழந்தை பெரியவளாகிக் கல்லூரிக்கே போயிருப்பாள். சண்டை போட்டவர்களுக்குச் சமாதானம் என்று ஒரு வழி இருக்கிறது. சண்டையே போடாதவர்கள் எதைச் சொல்லி ஆரம்பிப்பது? அதற்குத்தான் பொடிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒழுகுகிற கூரை அந்தக் காரணத்தைக் கொடுத்தது.

மற்றவர்களை முதலில் கூப்பிட்டாள். மருந்துக் கம்பெனியில் மேனேஜராக இருப்பவன் "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்றான். மூன்று தடவை துரத்திய பிறகு கொடுத்தான். ஒருத்தி தன் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டுப் பணத்தை மறந்து போனை வைத்தாள். இன்னொருவன், "கேன்டீனை மட்டும் இடிச்சிடாதீங்க, எனக்குக் கல்யாணம் நிச்சயமானதே அங்கதான்" என்று உருகினான். போகப்போகப் பொடிக்கு வாய் நன்றாகவே பழகிவிட்டது. நல்ல தீனியைக் கடைசி வாய்க்கு வைத்துக்கொள்ளும் குழந்தை மாதிரி ஒட்டகத்தை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை மூடியிருக்கும் நேரம் என்று நாளும் குறித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக நிதி அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். "மேடம், நல்ல செய்தி! உங்க வகுப்புல பாக்கி இருந்த ஒருத்தங்களும் அவங்களே ஆன்லைன்ல கட்டிட்டாங்க. இனி நீங்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை."

"யாரு?" என்று கேட்டாள் பொடி, தெரிந்துகொண்டே.

ஒட்டகம்தான்.

"அப்போ நன்றி சொல்லவாவது நான் ஒரு போன்..."

"வேண்டாம் மேடம், கொடுத்தவங்களைத் திரும்பத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு இங்க கண்டிப்பு. நன்றிக் கடிதம் டீனே அனுப்பிடுவாரு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நன்கொடை வந்துவிட்டதே என்று அழுத வசூல்காரி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதைவிட வலித்தது இன்னொன்று. இவள்தான் பேசப்போகிறாள் என்று தெரிந்து, பேச்சே வேண்டாம் என்று பணத்தை எறிந்துவிட்டாளோ?

"சும்மா கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் புருஷன்.

"சும்மா எப்படிங்க கூப்பிடுறது?"

அவருக்குப் புரியவில்லை. அவர் சிநேகிதர்கள் பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் ஸ்கூட்டர் விலை கேட்பவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்த வாரம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பகல்வேளையில், பொடிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. யார் யாரிடமோ கூசாமல் பணம் கேட்டோம். ஒருத்தியிடம் நன்றாக இருக்கிறாயா என்று கேட்க இவ்வளவு வெட்கமா? போனை எடுத்து, யோசனை வருவதற்குள் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ?"

அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். பொடிக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோனது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் தானாக ஓடியது: "வணக்கம், நம்ம பல்கலைக்கழகத்துல பழைய ஆய்வகத்தைப் புதுப்பிக்கிற விஷயமா..."

"அதான் கட்டிட்டேனேடி."

அந்த 'டி'யைக் கேட்டு எத்தனை காலம்!

"கட்டிட்டேன்," என்றாள் ஒட்டகம் மறுபடியும். "அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. ரசீது வந்ததா என்று கேட்கலாம், எண் மாறி வந்துவிட்டது என்று வைத்தும் விடலாம். வாசலில் ஒருவர் மருந்துச்சீட்டோடு வந்து நின்றார். பொடி அவரைக் கையமர்த்தினாள்.

"சும்மாதான்," என்றாள். "உன் ஞாபகமாவே இருக்குடி. ரொம்ப நாளா. அதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீதான் எல்லாரையும் கூப்பிடுறேன்னு அந்த மேனேஜர் சொன்னான்," என்றாள் ஒட்டகம். "எனக்கும் வரும்னு தெரியும். இத்தனை வருஷம் கழிச்சு உன் குரலைக் கேக்குறப்ப, நீ என்கிட்ட நன்கொடை கேக்குறதை என்னால தாங்க முடியாதுடி. அதான் முந்திக்கிட்டேன். பணத்தைக் கட்டிட்டா, அதுக்கப்புறம் நீ கூப்பிட்டா எனக்காக மட்டும்தானே கூப்பிடுவ? தினமும் போனைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"நான் கூப்பிடாமலே இருந்திருந்தா?"

"இருந்திருந்தா என்ன பண்றது," என்றாள் ஒட்டகம். "லேபுக்காவது கூரை கெடைக்கட்டும்னு விட்டிருப்பேன்."