பின்சீட்டின் இடது பக்கம்

பழைய வண்டி பார்க்கத் தனியாகப் போகக் கூடாது. அதற்காக மோப்பக்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், அதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார், கண்டுபிடித்ததை அந்த இடத்திலேயே உரக்கச் சொல்லியும் விடுவார்.

முப்பது வருஷமாகக் கார் மெக்கானிக். எந்த வண்டியானாலும் முதலில் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழுப்பார். வெள்ளத்தில் முங்கிய வண்டியை எப்படித்தான் கழுவித் துடைத்தாலும் அந்த வாடை போகாது என்பது அவர் கட்சி. அதனால் பட்டறையில் வைத்த மோப்பக்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வண்டி வாங்க வந்தவர் அவருடைய தங்கை கணவர். மாப்பிள்ளை நேற்று ராத்திரியே இணையத்தில் தேடி, பார்க்க வேண்டியவை என்று நாற்பத்திரண்டு விஷயங்களை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார்.

"காருமில்லாம ஜீப்புமில்லாம இது என்ன மாப்ள ரெண்டுங்கெட்டான்?" என்றார் மோப்பக்காரர்.

"க்ராஸ்ஓவர் மச்சான். உங்க தங்கச்சிக்கு உசரமா உக்காந்து போகணுமாம்."

"அவளை நீங்க ஏற்கெனவே உசரத்துலதான் வச்சிருக்கீங்க."

வண்டி, விற்கிறவர் வீட்டு முன்புறம் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. வெளிர்நீலம், ஐந்து வருஷம் ஓடியது. வீட்டுக்காரர் இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் செய்கிற வெல்டர். இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வருகிறேன் என்று அவர் உள்ளே போக, அவர் மனைவி வண்டிக் காகிதங்கள் இருந்த கவரை மார்போடு பிடித்தபடி தூணோரம் நின்றாள். நாற்பது வயது இருக்கும். யாராவது நிமிர்ந்து பார்த்தால் உடனே தரையைப் பார்த்தாள்.

மோப்பக்காரர் மூச்சை இழுத்தார். ஈரவாடை இல்லை. பானட்டைத் தூக்கினார். ஓரத்து போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தது. ஸ்பானர் பட்ட தடம். ரேடியேட்டர் புதுசு, முன்சட்டம் புதுசு.

"முன்னாடி நல்லா அடி வாங்கியிருக்கே! விளம்பரத்துல சின்ன உரசல்னுதானே போட்டிருந்துச்சு?"

"உரசல் இல்லைங்க," என்றாள் அவள். "நான்தான் ஓட்டினேன். முன்னால போன லாரி திடீர்னு நின்னுடுச்சு. என் பொண்ணு இதுலதான் போனா. பன்னெண்டு வயசு."

மாப்பிள்ளை கையிலிருந்த காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். கிளம்பிவிடலாம் என்று கண்ணால் ஜாடை காட்டினார். மோப்பக்காரருக்கும் கிளம்பிவிடத்தான் தோன்றியது. ஆனால் பாதியில் விட்டுப் போவது செத்த பிள்ளைக்கு முதுகைக் காட்டுவது மாதிரி அவருக்குப் பட்டது. பேசாமல் பின்கதவைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார்.

சீட் பெல்ட்டை அவர் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்ப்பார். சுருளுக்குள் ஒளிந்திருக்கும் வாரை யாரும் கழுவுவதில்லை, சேறு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். வலது பக்கத்து வார் சுத்தமாக வந்தது. இடது பக்கத்தை இழுத்தபோது சேறு இல்லை, ஆனால் பாதியில் ஒரு சாண் நீளத்துக்கு நெசவு நசுங்கி, இஸ்திரிப் பெட்டி சுட்ட துணி போலப் பளபளத்தது. கொக்கியின் பிளாஸ்டிக்கில் அதே அகலத்துக்குத் தேய்ந்த கோடு.

"இடிச்ச நேரத்துல இங்க ஒருத்தர் பெல்ட் போட்டு உக்காந்திருந்திருக்காங்க மாப்ள," என்று அவர் பாட்டுக்குச் சொன்னார்.

கவர் கீழே விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்த்து, அந்த முகத்தைக் கண்டு பயந்தேவிட்டார். என்னவோ ஏதோ என்று தடுமாறி, இரண்டு பெல்ட்டையும் அவள் கையிலேயே கொடுத்தார்.

"தொட்டுப் பாருங்கம்மா. இது வழவழன்னு இருக்கு, இது சொரசொரன்னு இருக்குல்ல? ஆள் பாரம் முன்னால சாடுறப்போ வார் பிடிச்சு நிறுத்தும். அந்தச் சூட்டுல இப்படி ஆயிடும். சும்மா தொங்கிக்கிட்டு இருந்த பெல்ட்டுல இந்தத் தடம் விழவே விழாது."

"அப்போ அவ போட்டிருந்தா?"

"சத்தியமா போட்டிருந்தா."

அவள் அந்த வாரை விடவில்லை. "க்ளிக்னு சத்தம் கேட்டுட்டுத்தான் வண்டியை எடுத்தேன். சொன்னேன். ஒருத்தரும் நம்பலை. ரோட்டுல போனவங்க பெல்ட்டைக் கழட்டித்தான் அவளை வெளியில எடுத்திருப்பாங்கன்னு சொன்னேன். அதையும் நம்பலை. எனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் நினைவு வந்துச்சு. வீட்டுக்கு வந்தா, பெத்த பிள்ளைக்கு ஒரு பெல்ட் மாட்டத் துப்பில்லையான்னு மாமியார் வாசல்லயே கேட்டாங்க. பதினாலு மாசமா அதே கேள்விதான். போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. நிஜமாவே சத்தம் கேட்டேனா, இல்லை நானா நினைச்சுக்கறேனான்னு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. மோப்பக்காரரின் கண்ணும் கலங்கிவிட்டது. நாம் செய்த தொழிலிலேயே இன்றைக்குச் செய்ததுதான் தொழில் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார், பாவம்.

மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. சங்கடத்தில் கை சும்மா இருக்காமல் காகிதத்தில் அடுத்த வரியைப் படித்தார். "இருபத்தெட்டு. பின்சீட் ஒழுங்கா மடங்குதா." பிடியை இழுத்தார். சீட்டின் முதுகு முன்னால் சாய்ந்து, பின்னாலிருந்த சாமான் தட்டு வெட்டவெளியாகத் தெரிந்தது.

சீட்டு முதுகைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு வளையம் ஓரத் தகட்டில் இருந்தது. தகடு கிழிந்திருந்தது. கிழிசலுக்குமேல் வளையத்தை வைத்துப் பற்றவைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. மோப்பக்காரர் குனிந்து பார்த்தார். முன்னால் இடித்த வண்டியில் பின்னால் இருக்கிற வளையம் எப்படிப் பிய்யும்? பின்னாலிருந்து ஏதோ ஒன்று வந்து சீட்டில் மோதினால்தான் பிய்யும்.

"மூடுங்க மாப்ள," என்றார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள். குனிந்து அந்த இடத்தை விரலால் தடவினாள். "பெல்ட் போட்டிருந்தும் எப்படிச் செத்தா?"

அவர் சீட்டை நிமிர்த்தக் கை நீட்டினார்.

"அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன்."

"பின்னாடி ஏதாச்சும் பாரம் இருந்துச்சாம்மா?"

"வெல்டிங் மெஷின். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கறது. ஸ்கூலுக்குப் போற வழியில சைட்ல இறக்கிடுன்னு அவர்தான் ஏத்திவிட்டார்."

"கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்களா?"

அவள் விரல் பற்றவைத்த தடத்தில் போய்வந்துகொண்டிருந்தது. "இது அவர் கை," என்றாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் பத்தவச்ச கதவுக்கெல்லாம் நான்தான் பெயின்ட் அடிக்கறேன். எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்காரர் சாவியோடு வெளியே வந்தார். மடங்கிய சீட்டைப் பார்த்தார், வளையத்தின்மேல் இருந்த அவள் கையைப் பார்த்தார். படியிலேயே நின்றுவிட்டார்.

"இதை எப்போ பத்தவச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

"வண்டியை ஒர்க்‌ஷாப்புல விடறதுக்கு முந்தின நாள்."

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ."

"ம்."

"மெஷின் எங்க கிடந்துச்சு?"

"சீட்டு மேல."

"அவ மேலன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கம்மா என்னைக் கேட்டப்போல்லாம் நீங்க பக்கத்துலதான நின்னீங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவ பெல்ட் போட்டிருந்தாம்மான்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"சொன்னா அடுத்தது மெஷினைப் பத்திக் கேப்பாங்க." சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "என்னால முடியாதுன்னு தோணுச்சு. நீ எப்படியோ தாங்கிக்கிட்டு இருந்தே. சரி, அப்படியே போகட்டும்னு விட்டுட்டேன்."

அட பாவி மனுஷா, என்று மோப்பக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவள் கத்துவாள் என்று மூன்று ஆண்களும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அண்ணா, ஒரு பத்து நிமிஷம் இருப்பீங்களா? மாமியார் வீடு அடுத்த தெருதான். கூட்டிட்டு வரேன். எனக்குக் காட்டின மாதிரியே அந்த பெல்ட்டை அவங்க கையில கொடுத்துக் காட்டுங்க. அப்புறம் சீட்டை மடக்கி இதையும் காட்டுங்க."

"இருக்கேன்மா," என்றார் மோப்பக்காரர்.

வீட்டுக்காரர் படியிலிருந்து இறங்கிக் குறுக்கே வந்தார். "வேண்டாம். சொன்னாக் கேளு. அம்மா தாங்க மாட்டாங்க."

"நான் தாங்கலையா?" என்று கேட்டுவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.