குடுவை ஊதாவாகும் நேரம்

மனிதகுலத்தில் சொந்தமாக யோசிக்கத் தெரிந்த கடைசி ஆள் தான்தான் என்பதில் அவனுக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை, அந்தக் கடைசி ஆள் இப்போது ஆய்வகக் கூட்டத்தின் பின்வரிசையில், ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்... திரையில் இரண்டு குடுவைகள், ஒன்றில் கத்தரிப்பூ நிறம், மற்றதில் வெறும் சோப்புத் தண்ணீர் வெள்ளை, பேராசிரியர் வெள்ளையைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார், இந்த ஒரு ஜீனை எடுத்தோம், பாக்டீரியாவுக்கு நிறம் போச்சு, ஆக நிறத்துக்குச் சாவி இதுதான், திங்கட்கிழமை கட்டுரை போகுது... கட்டுரையில் முதல் பெயர் அக்காவுடையது, அவனுக்கு மூத்த ஆய்வு மாணவி, முன்வரிசையில் தன் நகத்தையே பார்த்தபடி இருக்கிறாள், அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கும் சேராது என்று தெரிந்தவர்கள், அவன் அறிந்தவரை, அவளும் அவனும் மட்டும்.

காலையில்தான் காட்டினாள், கழுவ மறந்துபோன அதே வெள்ளைக் குடுவை, விடுமுறை முழுக்கக் கிடந்து இப்போது நல்ல ஊதா... "ஜீன் போனதால நிறம் போகலடா, இது மெதுவா வளர்ற ரகம், போட்டோ எடுத்தப்போ கூட்டமே சேரல, அவ்ளோதான்"... இந்தப் பாக்டீரியா தனியாக இருக்கையில் நிறம் காட்டாது, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துளியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அது சுற்றிலும் அடர்ந்தால்தான், ஓகோ நம்மாட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நிற ஜீன் கண் விழிக்கும்... அவன் விழுந்து விழுந்து சிரித்தான், "என்னக்கா பொழப்பு இது, பக்கத்து வீட்டுக்காரன் சட்டை போட்டானான்னு எட்டிப் பாத்துட்டு சட்டை போடுற ஜென்மம்!"... "சிரிக்காதடா, நாளைக்கு எவனாச்சும் திருப்பிச் செஞ்சு பாத்தா என் பட்டமே போச்சு, அவர் முன்னால எனக்கு வாயே வராது"... "நீ சும்மா இரு அக்கா, நான் எழுந்து சொல்றேன், எனக்கு எவன் தயவு வேணும்?"

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"... இதோ எழுந்துவிடலாம், இந்த நாற்காலி வேறு சத்தம் போடுமே, முதலில் தொண்டையைச் செருமி... மூத்த விஞ்ஞானி தலையாட்டுகிறார், தலையாட்டவென்றே பிறந்த கழுத்து, கருவிகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கைபேசியில் மூழ்கியிருக்கிறார், சன்னலோரத்தில் இருவர் கொட்டாவி, இவர்களையெல்லாம் எதற்கு இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறோம்... அக்கா எழுந்துவிட்டாள். நூல் மாதிரிக் குரல். "சார், அந்தக் குடுவை... இன்னும் ரெண்டு நாள் விட்டா ஊதாவாகுது சார்." பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், "யார் பாத்தா?"... அவள் திரும்பி அவனைப் பார்த்தாள், அவன் மூச்சை இழுத்தான், சொல் நாக்கு நுனியில்தான் நிற்கிறது, இன்னும் ஒரே நொடி, ஒரே ஒரு... "நான் பாத்தேன் சார், கழுவப் போனப்போ," கைபேசியிலிருந்து தலை தூக்காமலே அண்ணன், தலையாட்டும் கழுத்து நின்றது, "அப்போ அவசரப்பட வேணாம் சார், இன்னொரு தடவை செஞ்சு பாத்துடலாம்," சன்னலோரத்திலிருந்து ஓர் ஆமா, இன்னோர் ஆமா... அப்போதுதான் தன் குரல் எவ்வளவு கணீரென்று வருகிறது என்று அவனே வியந்தான், "ஆமா சார், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்"... பொய்யில்லையே, சொல்லத்தானே வந்தான், வந்துகொண்டேதானே இருந்தான், அண்ணன் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்... அக்கா அதற்குள் முன்பக்கம் திரும்பியிருந்தாள்.