ஆயில் வடியும் நேரம்

காலை ஏழரைக்கு சமத் போன் செய்தான். நல்ல செய்தி சொல்ல அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளில்லை அவன். தொலெகென் கையிலிருந்த டீக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தான்.

"மாக்பால் போயிட்டாண்ணே. விடியக்காலை நாலு மணிக்கு."

சமத் நிறுத்தாமல் மேலே பேசினான். "அண்ணனுக்குத் தெரியாது. கார் ஷெட்டுல இருக்காரு. ஆயில் மாத்திட்டு மகளை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டியாரக் கிளம்பறதா இருக்காரு. நான் கிராமத்துக்குப் போய்ப் பெரியவங்களக் கூட்டிட்டு வர பதினோரு மணி ஆயிடும். அதுவரைக்கும் அவரை அங்கேயே பிடிச்சு வைங்கண்ணே. வண்டிய எடுக்க விட்றாதீங்க. போனைக் கையில குடுத்துடாதீங்க."

"நான் எப்படிரா..."

"உங்களை விட்டா யாருண்ணே இருக்கா?"

அது உண்மைதான். சமத்தின் அண்ணன் ஒரால்பாயும் தொலெகெனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். பல்காஷ் ஏரிக்கரைத் தாமிர ஆலையில் ஒரே ஷிப்டில் முப்பது வருஷம் உலைச் சூட்டில் வெந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து ஷெட். எங்கள் ஊரில் சமவயசுக்காரன் என்ன கிண்டல் செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையை இருவரும் கொஞ்சநஞ்சமாகப் பயன்படுத்தியதில்லை.

சாவுச் செய்தியைப் போனில் சொல்வது எங்களிடம் கிடையாது. ஒற்றை ஆளாகப் போய்ச் சொல்வதும் கிடையாது. வயசானவர்கள் நாலைந்து பேர் கூடி வந்து, சொல்ல வேண்டிய முறையில் சொல்லி, கேட்டவன் சரிந்தால் தாங்கிப் பிடிக்கக் கைகளோடு நிற்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பெரியவர்கள் வந்து சேரும்வரை ஒருவன் நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு காவல் இருக்க வேண்டும். அவனைப் பற்றி வழக்கம் ஒன்றுமே சொல்வதில்லை.

தொலெகென் ஷெட்டுக்குப் போனபோது எட்டரை. ஏரிப் பக்கமிருந்து ஊசி மாதிரி காற்று. ஒரால்பாயின் பழைய டொயோட்டா குழிக்கு மேலே நின்றது. எங்கள் ஷெட்டுகளில் தரையின் நடுவில் ஆள் உயரத்துக்குக் குழி இருக்கும். வண்டியை மேலே நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி, நின்ற வாக்கில் அடிப்பக்கம் முழுக்க வேலை பார்க்கலாம். ஒரால்பாய் உள்ளேதான் இருந்தான். என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்டையும் கழற்றியிருந்தான். கறுப்பு ஆயில் கெட்டியாக ஒரு கயிறு போலத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"யாரு? தொலெகெனா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னிக்கு?" குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வேலைன்னா காத தூரம் ஓடுவியேடா."

"நீ தனியா கிடந்து எதையாவது உடைச்சு வெப்பியேன்னு வந்தேன்."

"வந்தது வந்துட்ட, அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. குளிர்கால ஆயில் ஊத்திட்டா பத்து மணிக்குக் கிளம்பிடலாம். மூணு மணிக்கு கரகண்டா ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலைல புள்ளையத் தூக்கி வண்டியில வெச்சிட்டு ராஜா மாதிரி திரும்பிடலாம். டாக்டரே சொல்லிட்டாருல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு!"

டாக்டர் அப்படிச் சொன்னது நிஜம். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் சொன்னார். ஆஸ்பத்திரியில் மகளோடு இருந்த ரைகான் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் புருஷனுக்குச் சொல்லி, மிச்சத்தைத் தொலெகெனின் மனைவியிடம் அழுது தீர்த்திருந்தாள். இருபத்துநாலு வயசுப் பெண். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஊருக்கே தெரிந்தது அப்பனுக்கு மட்டும் தெரியாது.

ஆயில் மாற்ற அரை மணி நேரம் போதும். அதை இரண்டரை மணி நேரமாக இழுக்க வேண்டும். தொலெகென் கோட்டைக் கழற்றினான். முன் சீட்டில் கிடந்த ஒரால்பாயின் போனை எடுத்து, சத்தத்தை அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினான்.

"இப்ப எதுக்குடா ஜாக்கி?"

"மூலையில பழசு தேங்கி நிக்கும். நீளப் பயணம் போற வண்டி. கடைசிச் சொட்டு வரைக்கும் வடியட்டும்."

"அட, இவ்வளவு அக்கறை எப்பலேர்ந்துடா?" என்றாலும் ஒரால்பாய் காத்திருந்தான். கயிறாக விழுந்தது நூலானது. நூல் சொட்டானது. ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் தொலெகென் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதே கால்.

சரி போதும், போல்ட்டைப் போடலாம் என்று ஒரால்பாய் கை நீட்டியபோது வாஷரைக் காணவில்லை. எங்கே இருக்கும்? தொலெகெனின் பையில், போனுக்குப் பக்கத்தில் இருந்தது. இருவரும் குழியெல்லாம் துழாவினார்கள். தொட்டியில் விழுந்திருக்குமோ என்று தொலெகென் முழங்கை வரை பழைய ஆயிலில் கையை விட்டு, இல்லாத வாஷரைத் தேடினான். அந்தக் கையை வெளியே எடுத்தபோது தன்மீதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு அலங்கரித்து நிற்பவனின் செருப்பை ஒளித்து வைக்கிற விளையாட்டா இது?

"விடுடா, தாமிர ஆலையில முப்பது வருஷம் இருந்தவனுக்கு ஒரு தாமிர வாஷருக்குப் பஞ்சமா?" ஒரால்பாய் மேலே ஏறி வந்தான். அலமாரியிலிருந்து தாமிரத் தகடு ஒன்றை எடுத்தான். அது எப்படி ஆலையிலிருந்து அலமாரிக்கு வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பழைய போல்ட்டை வைத்து அளவு கீறி, உளியால் வெட்டி, அரத்தால் தேய்த்து, காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டான். சுடவைத்தால் தாமிரம் மெத்தென்று ஆகும், ஒரு சொட்டு கசியாது. மெல்ல சீழ்க்கையடித்துக்கொண்டே செய்தான். பத்து மணி ஆகிவிட்டது. அவனுக்கு அவசரமே இல்லை. மகள் வீட்டுக்கு வரப்போகிறாள், வண்டி அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு மணி நேரம். தொலெகென் கையில் வேறு சரக்கு இல்லை. இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவிழ்த்தான்.

"டேய், அந்தக் காலத்துல என் ஷெட்டுல நாலு லிட்டர் ஆயில் திருடு போச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? வாட்ச்மேனை வேலைய விட்டே தூக்கப் பாத்தோமே."

"திருடு போகல. போல்ட்டைப் போடாமலேயே மேல ஊத்திட்டேன். நாலு லிட்டரும் அப்படியே குழிக்குள்ள போயிடுச்சு."

ஒரால்பாய் குழிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுவிட்டான். "ஊத்தும்போது தெரியலியா?"

"பாட்டுப் பாடிக்கிட்டே ஊத்தினேன்."

"அடப்பாவி! எட்டு ஷெட்டுக்காரங்க புதுப் பூட்டு வாங்கினோமேடா! என் பொண்டாட்டி எனக்கு ஒரு வாரம் சோறு போடல, சம்பளத்தைப் போட்டு எதுக்கு இந்த விலைப் பூட்டு வாங்கினீங்கன்னு!" ஒரால்பாய் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். தொலெகெனும் சிரித்து வைத்தான். சிரிக்கிற முகத்தை அப்படியே வைத்திருப்பது உலை முன்னால் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"இதை மாக்பால்கிட்ட சொல்லணும். கரகண்டாவுல ஆரம்பிச்சா இங்க வந்து சேர்ற வரைக்கும் சிரிப்பா. உன்னை ரொம்ப நல்லவன்னு நெனச்சிட்டிருக்கா அவ."

தொலெகெனால் அதற்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. விளக்கைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். சில நொடிகள்தான். ஆனால் முப்பது வருஷம் முகம் பார்த்துப் பழகியவனுக்கு அது போதும்.

"என்னடா, பேச்சையே காணோம்?" ஒரால்பாயின் குரலில் சிரிப்பு வடிந்திருந்தது. "என் போன் எங்க?"

"உள்ளதான் எங்கயாவது கிடக்கும்."

"ராத்திரியிலேர்ந்து ரைகான் எடுக்கல. தூங்கியிருப்பான்னு நெனச்சேன்." அவன் குழியிலிருந்து மேலே பார்த்தான். ஆயில் அப்பிய முகத்தில் கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. "தொலெகென், நீ காலையிலேயே இங்க எதுக்கு வந்த?"

வாய் எப்படித் திறந்தது என்று தொலெகெனுக்கே தெரியவில்லை. "நல்ல கதையா இருக்கே! காலைல ரைகான் எங்க வீட்டுக்குப் போன் பண்ணினாடா. ராத்திரி மாக்பால் சூப் குடிச்சாளாம். கிண்ணம் முழுக்கக் குடிச்சாளாம். அதைச் சொல்லத்தான் வந்தேன், நீ பேச விட்டாத்தானே?"

"குடிச்சாளா?" ஒரால்பாய் குழியின் சுவரில் சாய்ந்துகொண்டான். "எதைக் குடுத்தாலும் வேணாங்கிறான்னு ரைகான் புலம்பிட்டே இருந்தா. கிண்ணம் முழுக்கவா?"

"கிண்ணம் முழுக்க."

"அப்ப தேறிட்டா." கையைத் துடைக்காமலே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தேறிட்டாடா." பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் திரும்பினான். ஒரு மனுஷனை ஏமாற்றுவது ஒன்று, அவனுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்து ஏமாற்றுவது இன்னொன்று.

பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போதே வெளியே கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. குழிக்குள் நிற்பவனுக்கு ஆள் தெரியாது, கால்தான் தெரியும். வாசலில் சமத்தின் பூட்ஸ் வந்தது. அதன் பின்னால், மெத்தென்ற தோல் பூட்ஸுக்கு மேல் ரப்பர் உறை மாட்டிய கால்கள் நாலு ஜோடி. அந்த மாதிரி பூட்ஸ் போடுகிற வயசானவர்கள் கும்பலாக ஒரு கார் ஷெட்டுக்கு வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

ஒரால்பாய் யார் என்று கேட்கவில்லை. போல்ட்டை இறுக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. மறுபடி இறுக்கினான். மூத்தவரான தொக்தார் பெரியவர் கைத்தடியை ஊன்றிக் குழியின் ஓரத்தில் மண்டியிட்டார். எண்பத்துநாலு வயசில் அவருக்கு அதுவே பெரிய பாடு.

"ஒரால்பாய், மேல வாப்பா."

"வேலையிருக்கு பெரியவரே."

"பறவைக்குக் கூடு சொந்தமில்ல, நமக்கும் நம்ம புள்ளைங்க..."

"இன்னும் கொஞ்சம் இறுக்கணும்." ஸ்பேனர் ஒரு சுற்று சுற்றியது, பிறகு சடக்கென்று லேசாகிவிட்டது. மரை போய்விட்டது. அவன் அதற்குப் பின்னும் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"மாக்பால் போயிட்டா மகனே," என்றார் பெரியவர். "கெட்டியா இரு."

சமத் குழிக்குள் குதித்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எழுத வேண்டாம். வரிசையில் மற்ற ஷெட்டுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரால்பாயை மேலே தூக்கினார்கள். இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். அவன் நின்று தொலெகெனைப் பார்த்தான்.

"நீ வரும்போதே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னைச் சிரிக்க வெச்ச."

தொலெகென் தலையைக் குனிந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்த சூப்பு," என்றான் ஒரால்பாய். குரல் மாறியிருந்தது. ஏதோ கடன் கேட்பவன் மாதிரி தணிந்து வந்தது. "அதாச்சும் நெசமாடா? குடிச்சாளா? வெறும் வயித்தோட போகலியே என் புள்ள?"

பெரியவர்கள் நால்வரும் தொலெகெனைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"குடிச்சாடா," என்றான். "கிண்ணம் முழுக்க."

ஒரால்பாய் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே நடந்தான். அவனைக் காரில் ஏற்றினார்கள். வீட்டு முற்றத்தில் அதற்குள் துக்கத்துக்குக் கூடாரம் போட ஆரம்பித்திருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் உடல் வந்துவிடும்.

ஷெட்டைப் பூட்டத் தொலெகென் தங்கினான். கதவைச் சாத்தும்போதுதான் அவனுக்கு உறைத்தது. உடலோடு ரைகானும் வருகிறாள். ஒரால்பாய் அவளிடம் முதலில் கேட்கப்போவது அந்த சூப்பைத்தான்.

இரண்டு முறை கூப்பிட்டான், மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தாள். பின்னால் வண்டிச் சத்தம். பாலைவெளியில் சிக்னல் வந்து வந்து போயிற்று. மகளின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் இதைக் கேட்க வேண்டியிருந்தது. தொலெகென் தான் சொன்ன பொய்யைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான்.

"மூணு நாளா அவ தொண்டையில தண்ணிகூட இறங்கலண்ணே," என்றாள் ரைகான்.

"மன்னிச்சிடும்மா. வாயில வந்துடுச்சு. நானே அவன் கால்ல விழுந்து உண்மையச் சொல்லிடறேன்."

"வேணாம்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆட்டு சூப்பா, கோழி சூப்பா?"

தொலெகெனுக்குப் புரியவில்லை.

"என்ன சூப்புன்னு சொன்னீங்க? நான் வேற ஒண்ணு சொல்லி வெச்சேன்னா..."

"என்னன்னு சொல்லலம்மா. சூப்புன்னுதான் சொன்னேன்."

"அப்ப கோழின்னு சொல்லிடறேன். ஆட்டு வாடை அவளுக்கு ஆகாதுன்னு அவருக்குத் தெரியும்." வண்டி எதிலோ ஏறி இறங்கியது. அவள் யாருக்கோ போர்வையை இழுத்துவிடுவது போல ஒரு சரசரப்பு. "உப்புக் கம்மின்னு அவ என்னைத் திட்டினான்னும் சேத்துச் சொல்றேன். அப்பதான் அவரு நம்புவாரு."