தொப்புளில் விட்ட குழாய்

ஒரே வயிற்றுக்கு இரண்டு ஸ்கேன், இரண்டு பேச்சு. கண்டியில் காசு கொடுத்து எடுத்த முதலாவதில், இடது சூலகத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி இருப்பதாக எழுதியிருந்தது. ஆறு வாரம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் எடுத்த இரண்டாவதிலோ கட்டியுமில்லை, கிட்டியுமில்லை. சுகிர்தம் எதை நம்புவாள், பாவம்!

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவளுடைய மாமியார் இராசம்மாவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "அதான் மிஷினே ஒண்ணுமில்லேன்னு சொல்லிருச்சே! மாசாமாசம் நாலு நாள் படுத்துக் கெடக்க இவளுக்கு ஒரு சாக்கு" என்று ஊரைக் கூட்டினாள். புருஷன் இராயப்பன் நல்லவன்தான். ஆனால் அம்மா முன்னால் அவன் வாயில் கொழுக்கட்டை. கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளையும் இல்லை. வலி வரும்போது சுகிர்தம் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். போகப் போக, நமக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்று அவளே நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. வார்டில் வேலை பார்த்த அசீசாதான் நடுவில் நின்று சொன்னாள். முதல் வேலையாக இராயப்பனை வெளியே நிற்கச் சொன்னார் டாக்டரம்மா. வலி எந்த நாளில் வருகிறது, வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா, புருஷனோடு இருக்கும்போது? இதையெல்லாம் இதுவரை ஒரு மனிதரும் கேட்டதில்லை. சுகிர்தம் தலையைக் குனிந்தபடி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ரெண்டு படத்தையும் வச்சிக்கிட்டு சண்ட புடிச்சிப் பிரயோசனமில்லையாம் மகள்" என்றாள் அசீசா. "தொப்புள்ல சின்னதாக் கீறி, லைட்டு வச்ச குழாய விட்டு நேராப் பார்த்தாத்தான் தெரியுமாம்."

சுகிர்தம் கையால் தொப்புளை மூடிக்கொண்டாள். அந்தக் குழாயை அறியாத லயம் உண்டா? கருத்தடைக்கென்று தோட்டத்துப் பெண்களைக் காலையில் லொறியில் ஏற்றிப் போவார்கள். தொப்புளில் பிளாஸ்டரோடு இறக்கி விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை கிடையாது. அதே தொப்புள், அதே குழாய்!

"கட்டிப்புடுவாங்களாக்கா? எனக்கு ஒண்ணுகூட இல்லையே…"

அசீசா அதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. சம்மதக் கடதாசியை இழுத்து, எதையோ எழுதித் தம் கையெழுத்தையும் போட்டார். அசீசா வாசித்துக் காட்டினாள்: "பார்ப்பதற்கு மட்டும். கருக்குழாயைக் கட்டக்கூடாது." வாசித்து முடித்தவள் சுகிர்தத்தின் தோளைப் பிடித்தாள். "நானும் உள்ளுக்கு நிப்பேன். அல்லா மேல சத்தியம்."

சுகிர்தம் கையெழுத்துப் போட்டாள்.

மயக்கம் தெளிந்ததும் கை தானாகத் தொப்புளுக்குப் போயிற்று. "ஒண்ணையும் கட்டல்ல மகள்" என்று அசீசா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பார்த்துக்கிட்டே நின்டேன்." போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து பேச, அசீசா தமிழில் சொன்னாள். கர்ப்பப்பைக்குள் வளர வேண்டிய தோல் வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் இரத்தம் கசிகிறதாம். இடது சூலகத்தில் பழைய இரத்தம் கெட்டிக் கோப்பித் தண்ணீர் மாதிரி கட்டி நிற்கிறதாம். முதல் ஸ்கேன் கண்டது சரி. இரண்டாவதில் குடல் மறைத்திருக்க வேண்டும். வியாதிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். மருந்து உண்டு. அடியோடு போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளைக்கு வழி அடைபடவில்லை என்றார்.

வியாதி என்று கேட்டால் ஊர் உலகத்தில் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். இவளோ படுத்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "மாதாவே! அக்கா, அவரக் கூப்பிட்டு இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க" என்று விம்மினாள்.

டாக்டரம்மா முதலிலிருந்து மறுபடி சொன்னார். இராயப்பன் கேட்டுவிட்டு, "நானும் ஒன்ன நம்பாமப் போயிட்டேனே புள்ள" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

டாக்டரம்மா சொன்னதை இராயப்பனே இராசம்மாவிடம் போட்டு உடைத்தான். அந்த மாத வலி விடியற்காலையில் வந்தது. பழக்க தோஷம், சுகிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்துக் கூடையை எடுத்தாள். இராசம்மா அதை வெடுக்கென்று பறித்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு இறங்கிவிட்டாள்.

கங்காணி மாயாண்டியின் குரல் லயம் வரைக்கும் கேட்டது. "எங்க ஒம் மருமக? இன்னிக்கும் நடிப்பா?"

"யாரப் பாத்துய்யா நடிப்புங்கிற? நோவோட எட்டு வருசம் கொழுந்து பறிச்சவ அவ! டாக்டரம்மா கண்ணால பாத்த நோவு! நடிப்புன்னு மொதல்ல சொன்னது இந்தப் பாழாப்போன வாய்தான். இனி எவனாச்சும் சொன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

கம்பளிக்குள் சுருண்டு கிடந்த சுகிர்தத்துக்கு எல்லாம் கேட்டது. வலி அப்படியேதான் இருந்தது. கடித்திருந்த முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டு முனகினாள்.