ஏழாம் எண் கோப்பை

ஏழாம் எண் கோப்பையை நிராகரிக்க வைத்தது நான்தான். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிந்ததும் யாரும் என்னைப் பாவம் என்று சொல்ல வேண்டாம்.

பிரான்ஸில் எங்கள் லுவார் ஆற்றங்கரையில் ஊருக்கு ஒரு திராட்சை, ஊருக்கு ஒரு வீம்பு. கடலோரத்துக்காரர்கள் மெலோன் திராட்சையைப் பிழிந்து சிப்பியோடு குடித்துவிட்டு அதுதான் உலகம் என்பார்கள். சினோன் பக்கம் போனால் எல்லாம் சிவப்பு ஒயின். எங்களுக்கு ஷெனன் ஒன்றுதான். அந்த ஒரே வெள்ளைத் திராட்சையில் இனிப்பே இல்லாதது, அரை இனிப்பு, தேனாக இனிப்பது, நுரைப்பது என்று நாலு வகை ஒயினும் செய்வோம். எந்த வருஷம் எது என்பதை நிலமும் அக்டோபர் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

அப்பா சொத்தைப் பிரித்தபோது மேட்டு நிலம் அண்ணன் ரெஜிஸுக்குப் போனது. தெற்கு பார்த்த சரிவு. பத்து மணிக்குப் பனிமூட்டம் விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும். எனக்கு ஆற்றோரப் பள்ளம். ஏப்ரல் உறைபனி முதலில் என் கொடிகளைத்தான் கருக்கும். பழுப்பதற்குள் மழை வந்துவிடும். புளிப்போடு பறித்து நுரை ஒயினுக்கு அனுப்புவேன். இருபத்திரண்டு வருஷமாக நுரைதான் என் தலையெழுத்து. அவன் இனிப்பு ஒயின் செய்து பதக்கம் பதக்கமாக வாங்கினான். அவனோடு நான் பேசுவதில்லை. அவன் ஒயினைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவேன்.

"ஈரக் கம்பளிக்குள்ள மறந்து வச்ச சீமைமாதுளை," என்பேன் சாப்பாட்டு மேஜையில்.

"மாமா ஒயினை நீ குடிச்சே பத்து வருஷமாச்சும்மா," என்பாள் மகள் ஒரியான்.

"நாத்தம் மறந்துபோகுமாடி?"

ஒரியானுக்கு இருபத்தாறு வயது. போன வருஷம் சுண்ணாம்புக் குன்றுக்குள் ஒரு குகையை வாடகைக்கு எடுத்து, சொந்தமாக ஒயின் செய்ய ஆரம்பித்தாள். என் பள்ளத்துப் பழம் வேண்டுமா என்று கேட்டேன். "எனக்கு வேற ஒருத்தர் குடுக்கறாரும்மா," என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஓர் உணவகக்காரர் வந்து பீப்பாயிலிருந்தே ருசி பார்த்துவிட்டு, மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. மே மாதத்துக்குள் பாட்டிலில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளை ஒயின், யாரும் சீந்த மாட்டார்கள். குகையை விட்டுவிட்டுப் பழையபடி தூர் நகரத்துக் கடையில் அவள் பாட்டில் அடுக்க வேண்டியதுதான்.

ஊர்ப் பெயரைக் கொடுப்பது ருசிக் குழு. ஊர்க்காரர்கள் ஐந்து பேர் உட்காருவோம். கோப்பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று பேர் வேண்டாம் என்று எழுதினால் அந்த ஒயினுக்குப் பெயர் இல்லை. பதினாறு வருஷமாக அந்த நாற்காலி என்னுடையது. என் மூக்கின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆறு கோப்பைகள் ஒழுங்காகப் போயின. ஏழாவதை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. அண்ணனின் மேட்டு நிலம். மேல் வரிசைக் கொடிகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன், அப்பாவோடு ஏழு வயதில் அந்த வரிசையில் பழம் பறித்தவள் நான்.

நல்ல ஒயின். அதையும் சொல்லிவிடுகிறேன். அரை இனிப்பு, கடைசியில் ஒரு புளிப்பு வந்து வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. அது நன்றாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது அவன் தலை குனியட்டும் என்று நினைத்தேன். நான் பேசவில்லை. ருசி பார்த்ததை எல்லோரும் வாளியில் துப்புவதுதான்; நான் சத்தமாகத் துப்பினேன், கோப்பையை மேஜை ஓரத்துக்குத் தள்ளினேன். காரணம் எழுதும் கட்டத்தில் கை தானாக ஓடியது.

வெளியே வந்தபோது குழுவிலிருந்த அர்மான் தோளை இடித்தார். "ஏழாம் நம்பர் உங்கண்ணன் சரக்குதானே? எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. நீ துப்புன துப்புல நானும் வேணாம்னு எழுதிட்டேன்."

"எனக்கென்ன தெரியும்? நம்பர் போட்டுல்ல வச்சிருக்காங்க," என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டு முணுமுணுத்தேன். வெட்கக்கேடு.

பத்து நாள் கழித்து மதிய உணவு நேரத்தில் ஒரியான் வந்தாள். ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் எடுத்து வைத்திருந்தேன். அவள் எதையும் தொடவில்லை. லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலைத் திறந்து எனக்கு ஊற்றினாள்.

"வேணாம்னுட்டாங்கம்மா. நீ குடிச்சுப் பாத்து சொல்லு, இதுல என்ன குத்தம்?"

கோப்பையை எடுத்தேன். வாய் வரைக்கும் போகவில்லை. மூக்கிலேயே தெரிந்துவிட்டது.

"யார் குடுத்த பழம்டி இது?"

"மாமா. மேட்டுல மேல் ரெண்டு வரிசைப் பழம், சும்மாவே குடுத்தாரு. 'உங்கம்மாகிட்ட இப்பச் சொல்லாத, பாட்டில் வந்ததும் ஊத்திக் குடு. ஒரு வாயில கண்டுபிடிச்சிருவா, அவ நாக்கு நம்ம யாருக்கும் கிடையாது. கண்டுபிடிச்சா ஒருவேளை என்கூடப் பேசுவா'ன்னாரு."

அவள் பையிலிருந்து ருசிக் குழுவின் கடிதத்தை எடுத்தாள். என்னைப் பார்க்காமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவள் போல வாசித்தாள்.

"'ஊரின் குணம் இல்லை. ஈரக் கம்பளிக்குள் மறந்து வைத்த சீமைமாதுளை.'"

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"ஒரியான், அது உன்னோடதுன்னு எனக்கு..."

"தெரியும். மாமாவோடதுன்னு நெனச்ச."

அவள் இன்னொரு தாளை மேஜையில் விரித்தாள். மறுபடி ருசி பார்க்கக் கேட்டு எழுதும் விண்ணப்பம். ஜூன் மாதம்தான் நடக்கும். பிரஸ்ஸல்ஸ்காரர் காத்திருக்க மாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டாராம்.

"குழுவுல யாராவது இருக்கக் கூடாதுன்னா பேர் எழுதலாமாம். உன் பேர் எழுதிட்டேன். பக்கத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்மா?"

பேனாவை என் பக்கம் நீட்டினாள். அன்றைக்கு அவ்வளவு வேகமாக ஓடிய கை அசையவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே எதையோ எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. தாளை மடித்துக்கொண்டு, பாட்டிலில் கார்க்கை அழுத்தி, கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரெஜிஸ் வீட்டுக்குப் போகும் மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

என் கோப்பையில் அவள் ஊற்றியது அப்படியே இருந்தது. குடித்தேன். இந்தத் தடவை துப்பவில்லை.