இடது பின்மூலை

மாமனாருக்கு மகள் ஒன்று, கேரவன் ஒன்று. மகளைக் கட்டிக்கொடுக்க அவர் ஒரு வாரம்தான் யோசித்தார். கேரவன் சாவியைக் கொடுக்க நாலு வருஷம் யோசித்தார்.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் நீளமான வெள்ளை வண்டி அது. புத்தம் புதிதாக வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "ஒரு கீறல் இருக்கா? காட்டுங்க பாப்போம்" என்பதுதான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமனார் கேட்கும் முதல் கேள்வி. உட்காருங்கள், தண்ணீர் வேண்டுமா என்பதெல்லாம் அப்புறம்தான்.

கடைசியில் மகள்தான் அடம்பிடித்துச் சம்மதிக்க வைத்தாள். "அவர் பத்திரமா ஓட்டுவாருப்பா. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தாள். கல்யாணமான நாலு வருஷத்தில் புருஷனுக்காக அவள் அப்பாவிடம் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை இருவரும் பத்து நாள் பயணம் கிளம்புவதாக ஏற்பாடு. மாமனார் வண்டியை மகள் வீட்டு வாசலுக்குள் கொண்டுவந்து விட்டு, சாவியையும் கொடுத்தார். "நாலு மணிக்கு வந்து எல்லாம் சொல்லித்தர்றேன் மாப்பிள்ளை. அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டரைப் பார்க்கப் போனார்.

மாப்பிள்ளை தொட்டான். வண்டி வெயிலில் காய்கிறதே, நிழலில் நிறுத்துவோம் என்ற நல்லெண்ணம்தான். நீளமான வண்டியை முன்னால் வலது பக்கம் திருப்பினால் அதன் வால் இடது பக்கம் வீசும். ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கும் தெரிந்தது, சத்தம் கேட்ட பிறகு.

இடது பின்மூலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், நடுவில் சின்ன வெடிப்பு. இடிபட்ட கேட் தூண் அவனுடையது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"வெளியில என்ன சத்தம்?" உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"தூசி தட்டிக்கிட்டிருக்கேன்."

போனில் வீடியோ பார்த்தான். ஒரு மீசைக்காரர் இதே மாதிரிக் கீறலைப் பன்னிரண்டு நிமிஷத்தில் காணாமல் ஆக்கினார். "ரொம்ப ஈஸி" என்று நாலு தடவை சொன்னார். அதைவிட என்ன படிப்பு வேண்டும்? கடைக்கு ஓடி உப்புத்தாள், வெடிப்பை அடைக்கிற ரோஸ் நிறப் பட்டி, ப்ரைமர் எல்லாம் வாங்கினான். ஸ்ப்ரே பெயிண்ட் கேட்டபோதுதான் சிக்கல்.

"என்ன வெள்ளை சார்?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளைதாங்க."

"பால் வெள்ளையா, முட்டை வெள்ளையா, பழசான வெள்ளையா?"

உலகத்தில் இத்தனை வெள்ளை இருப்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பழசான வெள்ளையை வாங்கிக்கொண்டு வந்தான்.

முதலில் கீறலின் ஓரங்களைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். மேலே இருக்கிற பெயிண்ட் போனால் அடியில் ஃபைபர் தெரியும் என்று மீசைக்காரர் சொல்லியிருந்தார். தேய்த்தான். தெரிந்தது ரோஸ் நிறம். இன்னும் தேய்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு, கைப்பழக்கம் இல்லாத ஆள் குழைத்து அப்பிய பழைய பட்டி பல்லைக் காட்டியது.

அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆக, இதே மூலையை ஏற்கெனவே ஒருத்தர் இடித்திருக்கிறார். ஊரைக் கூட்டி ஒரு கீறல் இருக்கா என்று கேட்கிற மகான், சத்தமில்லாமல் பட்டி அப்பிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்! கீறலைச் சரிசெய்ய உட்கார்ந்தவன் அகழ்வாராய்ச்சியில் இறங்கிவிட்டான். ரோஸ் முழுவதும் தெளிவாகத் தெரியும்படி தேய்த்துத் துடைத்து வைத்தான். ப்ரைமர் டப்பாவைத் திறக்கவே இல்லை. கேட்கவேண்டிய கேள்விகளை மனதுக்குள் அழகாக அடுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

மாமனார் சொன்னபடி நாலு மணிக்கு வந்தார், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். மூலைக்கு வந்ததும் நின்றார்.

"கீறல் நான் போட்டது மாமா" என்றான், குற்றவாளிக்கு இருக்கக்கூடாத உற்சாகத்தோடு. "ஆனா அடியில பாருங்க."

மாமனார் கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். ரோஸ் மேல் விரல் வைத்தார்.

"பட்டி மாதிரி இருக்கு. இது எப்படி? என்னைத் தவிர யாரும் இதைத் தொட்டதில்லையே."

நடிப்பு இல்லை. பன்னிரண்டு வருஷப் பெருமை அவர் முகத்திலிருந்து இறங்குவதை அவன் கண்ணால் பார்த்தான். அவரை மடக்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு இப்போது பாவமாக இருந்தது. அப்போதுதான் வாசற்படியில் மனைவி நிற்பதைக் கவனித்தான். கையில் பாதி மடித்த துண்டு. முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கீறலையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. அந்த ரோஸ் நிறத்தையே பார்த்தாள்.

"அப்பா, நான் காலேஜ்ல படிக்கிறப்ப..." என்று ஆரம்பித்தாள்.

அடுக்கி வைத்த கேள்விகள் எல்லாம் அவனுக்கு மறந்தே போயின. இவ்வளவு நேரம் பாடுபட்டு அவன் தோண்டியெடுத்தது தன் மனைவியை.

"அதுவும் நான்தான் மாமா" என்றான் சத்தமாக.

"என்னது?"

"போன வருஷம் உங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப வண்டியைக் கழுவி வைக்கலாம்னு வெளியே எடுத்தேன். அப்ப இடிச்சது. பயந்துபோய் பட்டி வச்சு மறைச்சிட்டேன்."

"ஏங்க..." என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

மாமனார் நிமிர்ந்தார். "ஆக, ரெண்டு தடவை?"

"ரெண்டு தடவை."

"ஒரே இடத்துல?"

"அந்த மூலை எனக்கு ராசி மாமா."

மாமனார் கையை நீட்டினார். அவன் சாவியை அதில் வைத்தான். பிறகு அவர் மகள் பக்கம் திரும்பி, தழுதழுத்த குரலில் சொன்னார்: "பொறந்ததுலருந்து என்கிட்ட ஒரு விஷயம் நீ மறைச்சதில்ல. அப்பேர்ப்பட்ட உன்னையே வாக்குக் குடுக்க வச்சு ஏமாத்திட்டாரேம்மா இந்த மனுஷன்."

அவள் ஓவென்று அழுதாள். படியிறங்கி வந்து, பட்டித் தூள் அப்பிய அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுக்குப் பிறகும் புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று மாமனாருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.