நெஞ்சுக்குள் மணல்

ஆல்வின் விடுமுறைக்கு ஆம்பூர் வந்தபோது இருமலும் கூடவே வந்தது. வளைகுடாப் பாலைவனத்தில் எரிவாயுக் கிணறு ஒன்றில் அவனுக்கு வேலை. பூமிக்கடியில் கிடக்கும் பாறைக்குள் தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் கடும் அழுத்தத்தில் செலுத்தி, பாறையை விரிசல் விடச் செய்து வாயு எடுப்பார்கள். லாரியில் வரும் மணலைத் தொட்டியில் கொட்டுவது ஆல்வினின் பங்கு. கொட்டும்போது மாவு போல வெள்ளைத் தூசி கிளம்பி ஆளையே மறைத்துவிடும்.

“ஏசி காத்து ஒத்துக்கல” என்றான். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கும் அவன் மனைவி ஹெலன் அதை நம்பவில்லை. தோளெலும்பு தெரியும் அளவுக்கு இளைத்திருந்தான். சாயங்காலமானால் காய்ச்சல் வேறு.

“உசாமா அண்ணனைப் போய்ப் பாத்துட்டு வரலாம்” என்றாள்.

ஆல்வினுக்கு முகம் மாறியது. பேரணாம்பட்டு உசாமா அவனோடு அதே மணலில் நின்றவன். முந்தின வருஷமே மூச்சுத்திணறலோடு ஊர் திரும்பியிருந்தான். விடுமுறைக்கு வந்ததிலிருந்து ஆல்வின் அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. பயம்.

போனபோது உசாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

“மணல் தூசி நெஞ்சுல இறுகிப்போச்சாம்டா. இனிமே சரியாகாதுன்னு சொல்லிட்டாங்க. நீ மூஞ்சில இன்னா கட்டியிருந்த?”

“அவங்க குடுத்த துணி மாஸ்க்தான்.”

“அதுல இன்னா நிக்கும்? நான் லேட்டா போனேன் தோஸ்த். நீ உடனே வேலூர் போ.”

வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், சளியைப் பரிசோதித்தார்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் ஹெலன் மிஷினில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினாள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டினார். “நுரையீரல்ல மணல் தூசியால வர்ற தழும்பு எதுவும் தெரியல. இது டிபி.”

“ஸ்தோத்திரம் ஆண்டவரே!” ஹெலனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டாக்டர் திகைத்தார். “டிபின்னு சொல்றேன்மா.”

“அது சரியாயிடும்ல டாக்டர்?”

“மாத்திரையை விடாம சாப்ட்டா சரியாயிடும். வீட்ல இருக்கறவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும். ஆனா இவர் திரும்ப அந்த மணல்கிட்ட போகவே கூடாது. அந்தத் தூசி பட்டவங்களைத்தான் டிபி சுலபமா பிடிக்கும். தழும்பு பின்னாடி கூட வரலாம். வருஷா வருஷம் படம் எடுத்துப் பாக்கணும்.”

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஆல்வின் வாய்விட்டு அழுதான். பிறகு போனைக் கையில் எடுத்தான், அழுத்தவில்லை.

“உசாமாகிட்ட எப்படி ஹெலன் சொல்றது? அவன் அப்படிக் கிடக்கறப்ப...”

“அவரு உங்க போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருப்பாரு. போடுங்க.”

உசாமா கேட்டதும், “அல்ஹம்துலில்லா!” என்று கத்தினான். இருமல் அடங்க வெகுநேரமானது. “பில்கிஸ், கேட்டியா? ஆல்வினுக்கு அது இல்லையாம்!” என்று தன் மனைவியிடம் சொல்வது போனில் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான். “நம்ம பசங்க இன்னும் அங்க நிக்கறாங்கடா. அவங்ககிட்ட சொல்லு.”

அங்கேயே உட்கார்ந்து, சைட்டில் இருப்பவர்களின் குரூப்புக்கு ஆல்வின் பேசி அனுப்பினான். தூசியைப் பற்றி, துணி மாஸ்க்கைப் பற்றி, உசாமாவின் மூச்சைப் பற்றி, எதையும் மறைக்காமல். மறுநாள் அவனை அந்த வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் போன் செய்து கத்தினான். “நான் திரும்பி வரப்போறதில்ல சார். சொன்னதும் சொன்னதுதான்” என்று ஆல்வின் போனை வைத்துவிட்டான்.

டெஸ்ட் எடுத்ததில் ஹெலனுக்கும் அவர்கள் பிள்ளைக்கும் டிபி இல்லையென்று தெரிந்தது. மாத்திரைக் காலம் முடிந்தபோது ஆல்வினின் சளியில் கிருமி இல்லை, கன்னமும் உப்பியிருந்தது. ஹெலனின் கம்பெனியிலேயே ஜெனரேட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பேரணாம்பட்டில் உசாமா வீட்டில் இருந்தபோது, அவர்களோடு மணல் கொட்டிய அஃப்ரோஸ் சைட்டிலிருந்து வீடியோ காலில் வந்தான். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் ரப்பர் மாஸ்க் அவன் கழுத்தில் தொங்கியது.

“எல்லாரும் சேர்ந்து மணலைத் தொடமாட்டோம்னு நின்னுட்டோம் பாய். இது குடுத்தாங்க. தூசி கிளம்பாம இருக்க தொட்டிக்கு மூடியும் போட்டுட்டாங்க.”

“எங்க, மாட்டிக் காட்டு” என்றான் உசாமா. அஃப்ரோஸ் மாட்டிக் காட்டினான். “டைட்டா இழுடா, ஓரத்துல காத்து போவும்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே உசாமா அதட்ட, அஃப்ரோஸ் பட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினான்.